சாவியில் ஒரு பச்சை டேக்

இந்த உலகத்தில் மோட்டார் சைக்கிளிடம் நலம் விசாரித்த ஒரே மனிதர் எங்கள் கம்பவுண்டர்தான். மற்றவர்கள் வண்டியை ஓட்டினார்கள், துடைத்தார்கள், உதைத்தார்கள், திட்டினார்கள். அவர் மட்டும் கேட்டார். "இன்னா பண்ணுது? எப்போலேர்ந்து பண்ணுது?" என்று கேட்டுவிட்டு, பதில் வரப்போகிறது என்பதுபோல அரை நிமிடம் காத்திருப்பார்.

கள்ளக்குறிச்சியில் நாங்கள் இருவரும் எதிரெதிர் வீடு. நான் சாதிச் சான்றிதழ் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். அவர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். வாரத்தில் ஒரு நாள் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் போய் மருந்து கொடுத்துவிட்டு வருவார். அவருடைய பெயர் ரேஷன் கார்டிலும் சர்ச் பதிவேட்டிலும் மட்டும்தான் இருந்தது. அவர் மனைவியையே ஊர் கம்பவுண்டரம்மா என்றுதான் கூப்பிட்டது.

இட ஒதுக்கீடு கேட்டுக் கூட்டமும் ஊர்வலமும் மறியலுமாக இருந்த வருடங்கள் அவை. எங்கள் அலுவலக ஜன்னலில் சான்றிதழ் கேட்டு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே அன்று எந்த ஊரில் என்ன கூட்டம் என்று சொல்லிவிடலாம். அதே காலத்தில்தான் ஜப்பான்காரர்களோடு சேர்ந்து செய்த நூறு சிசி வண்டிகள் ஊருக்குள் வந்தன. கம்பவுண்டர் ஒன்று வாங்கினார். ஊரில் மற்றவர்கள் வண்டி வாங்கினார்கள் என்றால், இவர் ஒரு நோயாளியைச் சேர்த்துக்கொண்டார்.

அந்த வண்டியில் பெட்ரோலுக்கு ஒரு டேங்க். என்ஜின் ஆயிலுக்குப் பக்கவாட்டு மூடிக்குள் தனியாக ஒரு சின்ன டேங்க். ஆயில் குறைந்தால் மீட்டருக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு லைட் எரியும். வண்டி நியூட்ரலில் இருக்கும்போதும் அது எரியும். பல்பு உயிரோடு இருக்கிறது என்று காட்டுவதற்காக. கியர் போட்டதும் அணைந்துவிட வேண்டும். அணையாவிட்டால் ஆயில் ஊற்ற வேண்டும். மற்றவர்களுக்கு விஷயம் அவ்வளவுதான்.

அவருடைய வண்டிக்கு ஒரு கெட்ட பழக்கம். ஆயில் நிறைய இருக்கும்போதே லைட் எரியும். மேடு ஏறினால் எரியும், பள்ளத்தில் இறங்கினால் எரியும், சில நாள் மாட்டு வண்டிக்கு ஒதுங்கினால்கூட எரியும். எரிந்தால் கம்பவுண்டர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, மூடியைக் கழற்றி, பையிலிருந்து தொண்டை பார்க்கும் மரக்குச்சியை எடுத்து ஆயில் டேங்கில் விட்டு, வெளியே எடுத்து வெயிலில் பிடித்துப் பார்ப்பார். பிறகு பின்னால் உட்கார்ந்திருந்த என்னிடம் விசாரணை.

"தம்பி, எரியறதுக்கு முன்னாடி எதுனா சத்தம் கேட்டுச்சா?"

"இல்லைங்க."

"உங்க காலு எதுலனா பட்டுச்சா?"

"இல்லைங்க. ஆபீசுக்கு நேரமாச்சுங்க."

"ஆபீசு எங்கியும் ஓடிப் போயிடாது. இதுக்கு இன்னான்னு மொதல்ல கேக்கணும்."

பஸ் நிலையம் பக்கத்து மெக்கானிக் ஒருவர் இலவசமாக வைத்தியம் சொன்னார். "பல்ப புடுங்கிப் போட்டுடு கம்பவுண்டரே. அப்புறம் எப்படி எரியும்னு பாக்கறேன்."

கம்பவுண்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உம் புள்ள அழுதா வாயில பிளாஸ்திரி ஒட்டுவியா நீ?"

அவரிடம் இரண்டு கொள்கைகள் இருந்தன. ஒன்று, நோயாளி கூப்பிட்டால் எந்த இடமானாலும் நிற்க வேண்டும். இரண்டு, கேட்காத நோயாளிக்கு மருந்து ஊற்றக்கூடாது. "நம்ம ஜனங்க சும்மா சும்மா டானிக் குடிச்சே கெட்டுப் போறாங்க தம்பி" என்பார். இந்த இரண்டாவது கொள்கையை நான் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும். யாருக்குத் தெரியும், அது ஒரு நாள் என் கழுத்தைப் பிடிக்கும் என்று.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் வாசலில் வண்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு வயரையும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பார். தெருவே மணக்கும். கம்பவுண்டரம்மா கதவில் சாய்ந்தபடி எங்களுக்குக் கேட்கும்படி சொல்லுவார்: "எனக்கு ஜொரம் வந்தா ஒத்த மாத்திர. இதுக்கு ஒரு லைட்டு எரிஞ்சா அர பாட்டலு ஸ்பிரிட்டு. நான் ரெண்டு சக்கரத்தோட பொறந்திருக்கணும்."

என் திருமணப் பேச்சு தொடங்கியது அப்போதுதான். எனக்கு அப்பா அம்மா இல்லை. பெரியவராக நின்று பேச கம்பவுண்டரைத்தான் அழைத்தேன். பெண் வீடு சின்னசேலத்தில். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். வழியில் லைட் ஐந்து முறை எரிந்தது. பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். இருவர் கையிலும் ஆயில்.

பெண்ணின் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ரொம்ப சீக்கிரமா வந்துட்டீங்க" என்றார்.

கம்பவுண்டர் இதை உண்மையான விசாரிப்பாக எடுத்துக்கொண்டார். "இன்னும் சீக்கிரமா வந்திருப்போம்ங்க. லைட்டு எரிஞ்சிகினே இருந்துச்சி" என்று தொடங்கி, நோயாளியின் முழு வரலாற்றையும் அரை மணி நேரம் சொன்னார். என் படிப்பு, என் சம்பளம், என் குணம் எதையும் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேசரி ஆறிப்போனது. உள்ளே ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவது கேட்டது. அந்த இருமலுக்காகத்தான் நான் சம்மதித்தேன் என்று பிறகு அவளிடம் பல முறை சொல்லியிருக்கிறேன்.

தேதி குறிக்க அடுத்த ஞாயிறு வரச் சொன்னார்கள். இந்த முறை தாமதமானால் பேச்சு முறிந்துவிடும் என்று பயந்தேன். அந்தப் பயத்தில் நான் செய்த காரியத்தை இப்போது சொல்கிறேன்.

சனிக்கிழமை மாலை அவர் மாதாகோவில் பக்கம் போயிருந்த நேரம், பக்கவாட்டு மூடியைத் திறந்தேன். ஆயில் டேங்கிலிருந்து வரும் வயர் ஓர் இடத்தில் சின்னப் பிளக்கால் இணைந்திருந்தது. அவர் அதைப் பத்து முறை கழற்றி மாட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். அதைப் பிடுங்கினேன். தொங்கி ஆடாமல் இருக்க எதையாவது வைத்துக் கட்ட வேண்டும். கை தானாகச் சட்டைப் பைக்குள் போயிற்று. அலுவலகத்தில் தாள்களைக் கோர்க்கும், இரண்டு முனையிலும் தகரம் வைத்த பச்சை நூல் எப்போதும் என் பையில் இருக்கும். டேக் என்போம். அதை வைத்து, ஒரு கோப்பைக் கட்டுவதுபோலவே, இரண்டு சுற்றுச் சுற்றி முனைகளை உள்ளே மடித்துக் கச்சிதமாகக் கட்டினேன். திருடன்கூடத் தன் பெயரை இவ்வளவு அழகாக எழுதிவைத்துவிட்டுப் போகமாட்டான்.

ஞாயிறு இரவே பழையபடி மாட்டிவிடுவதாகத்தான் எண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கம்பவுண்டர் மீட்டர் பக்கத்து வயர் ஒன்றை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். சாவியைத் திருப்பினார். நியூட்ரலில் லைட் எரிந்தது. அந்தச் சோதனைக்கு வேறு வயர். கியர் போட்டார், அணைந்தது. சின்னசேலம் வரை ஒரு முறைகூட எரியவில்லை. ஒன்பதே முக்காலுக்குப் போய்விட்டோம். பெண்ணின் அப்பா அப்போதுதான் குளிக்கப் போயிருந்தார்.

திரும்பி வந்ததும் கம்பவுண்டர் தெரு நடுவில் நின்று அறிவித்தார். "கொணமாயிடுச்சி! ஈரம்தான்! வயர்ல ஈரம்! நான் மொதல்லியே சொன்னேன்!" எல்லா வீட்டுக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அந்த நிலையில் நான் எப்படிப் போய் வயரை மாட்டுவேன்? மாட்டினால் மறுநாளே லைட் எரியும். அவர் முகம் விழும். இன்னும் ஒரு வாரம் சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். கருணை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அவர் வாசலில் மூன்று வண்டிகள் நின்றன. அதற்கடுத்த ஞாயிறு ரிஷிவந்தியத்திலிருந்து ஒருவர் வந்தார். விளக்கு எரியாத டிராக்டர் ஒன்று வந்து தெருவை அடைத்தது. ஒருவர் மணி அடிக்காத சுவர்க்கடிகாரத்தைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். கம்பவுண்டர் எல்லாருக்கும் சலிக்காமல் நாடி பார்த்தார். பல பேருக்கு உண்மையிலேயே குணமாயிற்று. துருப்பிடித்த வயரைத் துடைத்தால் பாதி நோய் போய்விடும். தன்னுடைய வண்டியை மட்டும் அவர் தொடவில்லை. அது கூப்பிடவே இல்லையே.

ஐந்தாறு வாரம் இப்படிப் போயிற்று. அப்போதுதான் பெரிய மறியல் வந்தது. சாலைகளில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். பஸ் நின்றது. ஊர் ஊராகத் துண்டாயிற்று.

வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு குக்கிராமத்தில் அலமேலு என்று ஒரு பெண். கம்பவுண்டர் மலைக்குப் போகும் நாட்களில் சீட்டு எழுதி, மாத்திரை மடித்துக் கொடுத்து உதவுவாள். அவர்தான் அவளை நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வைத்தார். நேர்முகத்துக்குக் கடிதம் வந்திருந்தது: திங்கட்கிழமை காலை பத்து மணி, சேலம், பழங்குடிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழை எழுதியவன் நான். வெள்ளிக்கிழமை கையெழுத்தாகித் தயாராகிவிட்டது. அவள் அப்பா சடையன் கீழே வந்து வாங்கிப்போக வழியில்லை.

சனிக்கிழமை கம்பவுண்டர் என் வீட்டு வாசலில் நின்றார். "தம்பி, நாமளே கொண்டு போயிடுவோம். நாளைக்குக் காலைல ஏறிட்டா மத்தியானம் பொண்ண கூட்டியாந்து சின்னசேலத்துல சாய்ங்கால ரயிலு ஏத்திடலாம். ரயிலு மட்டும் இன்னும் ஓடிகினு இருக்குதாம்."

சான்றிதழைக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டியவன் நான் என்பதால் நானும் போனேன். வடக்கனந்தல் தாண்டி ஒரு புளியமரம் சாலையை அடைத்துக் கிடந்தது. அதன்மேல் பத்துப் பேர்.

"இன்னாங்க, மறியல் நடக்கறது தெரியாதா? திருப்புங்க வண்டிய."

அவர்களில் ஒருவர் எழுந்து பார்த்தார். "டேய், நம்ம கம்பவுண்டரு! ஏங்க, எங்க வண்டியிலகூட லைட்டு எரியுதுங்க. கொஞ்சம் பாருங்களேன்."

கம்பவுண்டர் பார்த்தார். பார்க்காமல் இருப்பாரா? கால் மணி நேரம் வைத்தியம் நடந்தது. முடிந்ததும் அவர்கள் எங்கே போகிறோம் என்று கேட்டார்கள்.

"மலமேல ஒரு பொண்ணுக்கு சாதி சர்டிபிகேட்டு. நாளைக்கு இண்டர்வியூ."

தலைவர் போலிருந்தவர் மரத்திலிருந்து இறங்கினார். "நாங்க ஒக்காந்துகினு இருக்கறதும் அதுக்குத்தான். தூக்குங்கப்பா" என்றார். எட்டுப் பேர் வண்டியைப் பல்லக்குபோல் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். கம்பவுண்டர் கூடவே நடந்து, "மெதுவா, மெதுவா, வயித்த அழுத்தாதீங்க" என்றார்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கினோம். இரண்டாவது வளைவில் என்ஜின் சத்தம் மாறியது போலிருந்தது. வறண்ட சத்தம். எனக்கு என்னவோ தோன்றி, சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"ஆயில் கடைசியா எப்ப ஊத்தினீங்க?"

"ஊத்தறதா? கொணமான நாள்லேர்ந்து ஒரு சொட்டு ஊத்தல தம்பி! அது கேக்கவே இல்லியே!" பெருமையோடு சொன்னார்.

அந்தப் பொய்யான லைட்தான் இத்தனை நாளும் அவரைக் குச்சி விட்டுப் பார்க்க வைத்திருந்தது. நான் அதன் வாயைக் கட்டிய பிறகு யாரும் பார்க்கவில்லை. அவர் பையில் எப்போதும் அரை லிட்டர் ஆயில் இருக்கும். "நிறுத்துங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் ஏன் என்று கேட்பார். மூடியைத் திறப்பார். பச்சை டேக்கைப் பார்ப்பார். மேலே போய்ச் சேர்ந்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் நானே ஊற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மூன்றாவது வளைவு போயிற்று. நான்காவது வளைவு போயிற்று. இத்தனை வருடங்கள் கழித்தும் நான் கண் விழித்துப் படுத்திருக்கும் இடம் அந்த இரண்டு வளைவுகள்தான்.

ஐந்தாவதில் என்ஜின் இறுகியது. பின்சக்கரம் பிடித்துக்கொண்டது. இருவரும் புல்சரிவில் விழுந்தோம். எனக்கு ஒன்றுமில்லை. அவர் முழங்கையில் ரத்தம். அதைத் துடைக்காமல் வண்டியிடம் போய் உட்கார்ந்தார்.

"இன்னாடா பண்ணுது? ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

மூடியைத் திறந்தார். டேக்கைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தார். அங்கே இன்னும் இரண்டு டேக்குகள், பச்சை நுனி வெளியே தெரிய, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

முடிச்சை மெதுவாக அவிழ்த்தார். டேக்கைத் தன் பையில் போட்டுக்கொண்டார். வயரை மாட்டினார். சாவியைத் திருப்பியதும் சிவப்பு லைட் எரிந்தது. கியர் போட்டும் அணையவே இல்லை.

"கட்டு நல்லாதான் போட்டிருக்காங்க" என்றார். அவ்வளவுதான். "சர்டிபிகேட்டையும் ரிஜிஸ்தரையும் குடுங்க. நீங்க வண்டியப் பாத்துகினு இருங்க. நான் நடந்து போறேன்."

"நான் போறேங்க."

"உங்களுக்கு வழி தெரியாது."

நாலரை மணிக்கு அலமேலுவையும் சடையனையும் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தார். செத்த என்ஜினோடு, கிளட்சைப் பிடித்துக்கொண்டு, அலமேலுவைப் பின்னால் வைத்து, மலைச்சரிவில் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டே போனார். நானும் சடையனும் பின்னால் ஓடினோம். அடிவாரத்திலிருந்து சின்னசேலம் வரை எல்லாரும் வண்டியைத் தள்ளினோம். ரயில் போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அடுத்த நாளும் சாலை திறக்கவில்லை. ஒரு லாரியில் ஏறி அவர்கள் சேலம் போய்ச் சேர்ந்தபோது செவ்வாய்க்கிழமை மத்தியானம். பட்டியல் முடிந்துவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள்.

புதன்கிழமை நான் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழங்கைக் கட்டை மாற்றிக்கொண்டே கேட்டார்.

"சடையன்கிட்டயும் அந்தப் பொண்ணுகிட்டயும் நானே சொல்லிடறேங்க" என்றேன்.

"வேணாம் தம்பி. இன்னிக்கி நெலமையில நீங்க சொன்னா, பொண்ணு பாக்கப் போற அவசரத்துல பண்ணேன்னு எவன் நம்புவான்? சர்டிபிகேட்டு எழுதறவனே மலக்காரப் பொண்ண தடுத்துட்டான்னு ஆயிடும். அது ஊர்ல இன்னும் பத்து மரத்த சாய்க்கும். நான் ஆயில் பாக்கல. அது நெசம்தானே? அத்த சொல்லிக்கறேன்."

சொல்லிக்கொண்டார். சர்ச் வாசலில் சொன்னார், ஆஸ்பத்திரியில் சொன்னார், மெக்கானிக்கிடமே போய்ச் சொன்னார். ஊர் சிரித்தது. "ஆயில் ஊத்தாத டாக்டரு" என்று பட்டம் வைத்தது. அடுத்த ஞாயிறு வாசலில் ஒரு வண்டியும் இல்லை. சுவர்க்கடிகாரக்காரர் வந்து, குணமான கடிகாரத்தையே சந்தேகத்தோடு காதில் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார். நான் எதிர் வீட்டு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன காரணம் நியாயமானது. எனக்கு வசதியானதும்கூட. நியாயத்துக்காக வாய் மூடியிருந்தேனா, வசதிக்காகவா என்று கேட்டால் இன்றுவரை எனக்குப் பிடித்த பதில் கிடைக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. பின்னால் நான் கட்டிக்கொண்ட பெண்ணின் நேர்முகத்துக்கு அந்த மலையில் ஏறியிருந்தால், அந்த இரண்டு வளைவுகளில் வாயைத் திறந்திருப்பேனா? திறந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஊர் சொல்லியிருக்கக்கூடியது முழுப் பொய்யாக இருந்திருக்காது.

சடையன், படித்தது போதும் என்று மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார். கம்பவுண்டர் பஸ் பிடித்தும் நடந்தும் வாரம் தவறாமல் மலை ஏறி அவரிடம் பேசினார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வந்த நாளில்கூட நடுவில் உட்கார்ந்து, மலேரியாவின் அறிகுறிகளை அரை மணி நேரம் விளக்கினாராம். அவர்கள் திரும்பி வரவில்லை. அடுத்த வருடம் அலமேலு பயிற்சிக்குப் போனாள். அதற்கும் சான்றிதழை நான்தான் எழுதினேன். இரண்டு பிரதி எழுதி, நானே நடந்து போய்க் கொடுத்தேன். அவள் மோர் கொடுத்தாள். நான் அப்போதும் சொல்லவில்லை. பல வருடம் கழித்து அவள் கையால் ஊசி போட்டுக்கொண்டபோதும் சொல்லவில்லை. அலமேலு சிஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டார். நான் இதை எழுதும் இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் படிப்பவர். அம்மா, நீங்கள் இழந்த அந்த ஒரு வருடம் கம்பவுண்டரின் மறதியால் போனதல்ல. என்னால் போனது.

கம்பவுண்டர் போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிறது. என்ஜினைச் சரிசெய்து கடைசிவரை அதே வண்டியைத்தான் ஓட்டினார். அதன் சாவியை அந்தப் பச்சை டேக்கில் கோர்த்து வைத்திருந்தார். "இன்னாங்க, சாவிக்கி ஃபைலு டேக்கு?" என்று யாராவது கேட்டால், "கட்டு கட்டறதுல கெட்டிக்காரரு ஒருத்தரு குடுத்தது" என்பார். என்னைப் பார்க்கவே மாட்டார். அடக்கம் முடிந்த அன்று கம்பவுண்டரம்மா அதைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "உங்ககிட்ட குடுக்கச் சொல்லிட்டுப் போனாரு. இன்னா சங்கதின்னு கேட்டேன், சொல்லல."

இப்போது வரும் வண்டிகளில் என்ஜின் படம் போட்டு மஞ்சளாக லைட் எரிகிறது. போன மாதம் என் மகனுடைய வண்டியில் எரிந்தது. அவன் வீட்டு வாசலிலேயே ஒரு சின்னக் கருவியைச் செருகி, போனில் ஏதோ தட்டினான். லைட் அணைந்தது.

"அழிச்சிட்டேம்பா" என்றான்.

என்னையும் அறியாமல் அவன் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"இன்னான்னு கேட்டியா?" என்றேன்.

மகன் வியப்போடு நிமிர்ந்து பார்த்தான். எங்கள் வீட்டில் யாரும் "இன்னா" என்று பேசுவதில்லை.